பணித்தளத்துக்குக் கிளம்பும் முன் எட்டு மாதம்: மொழிக்கு எப்படித் தயாராவது?

கேள்வி இது: "கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம். வயது 23, பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். ஜார்க்கண்டில் ஒராவோன் பழங்குடி மக்கள் நடுவில் ஊழியம் செய்ய ஒரு மிஷனெரி சங்கம் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஜூனில் பயிற்சி நிலையத்தில் சேர வேண்டும். இப்போது அக்டோபர். அதுவரை வீட்டிலிருந்தபடி என்ன படிக்கலாம்? இந்தி போதுமா, அவர்களுடைய குரூக் மொழியும் வேண்டுமா?"

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இந்தி மட்டும் போதாது. அதற்காகக் குரூக் மொழியைக் கோபியில் உட்கார்ந்தே படித்து முடித்துவிடலாம் என்று கிளம்பவும் வேண்டாம். இந்த எட்டு மாதத்தில் இந்தியைக் காதால் பிடிக்கப் பழகுங்கள். தமிழில் இல்லாத ஒலிகளுக்கு நாக்கையும் மூச்சையும் பழக்குங்கள். பாடப்புத்தகம் இல்லாத ஒரு மொழியை ஓர் ஆளிடமிருந்து கற்கும் முறையைக் கைப்பழக்கமாக்குங்கள். இவ்வளவும் ஆனால் போதும், மீதியைப் பணித்தளம் சொல்லிக்கொடுக்கும்.

அங்கே மொழி எப்படிப் புழங்குகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிக்கூடம், பிளாக் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் இந்தி. வாரச்சந்தையில் வேறு இனத்தாரோடு பேசுவது சாத்ரி. அதை நாக்புரி என்றும் சொல்வார்கள். அடுப்படியிலும் வயலிலும் குரூக். 2011 மக்கள்தொகைக் கணக்கில் குரூக்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, மேற்கு வங்கம் என்று பரவி இருக்கிறார்கள். ஆனால் ஒராவோன் குடும்பம் என்றாலே வீட்டில் குரூக் பேசும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சாத்ரிக்கே மாறிவிட்ட ஊர்களும் உண்டு. ஆகவே சங்கத்துக்கு இப்போதே கடிதம் எழுதிக் கேளுங்கள்: நான் போகும் ஊர்ப்பக்கம் தாய் தன் குழந்தையை எந்த மொழியில் தூங்க வைக்கிறாள்? அதற்கு வரும் பதிலே நீங்கள் கற்க வேண்டிய மொழி. இந்தியோடு நின்றுவிட்டவரிடம் வெளியூர் வேலைக்குப் போய்வந்த ஆண்களும் பள்ளிப் பிள்ளைகளும் பேசுவார்கள். பாட்டிமார் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபிக்கும்போது அவர் காதில் விழ வேண்டியது அவர் அம்மா பேசிய பேச்சு.

நம் மண்ணுக்கு வந்தவர்களும் இதே வேலையைத்தான் முதலில் செய்தார்கள். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். 1623-ல் சேந்தமங்கலம், சேலம் என்று கொங்குப் பக்கம் வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி, அதற்கு முன்பே மதுரையில் தமிழையும் சமஸ்கிருதத்தையும் ஆசிரியர் வைத்துப் படித்தவர். ஈரோட்டில் பணி செய்த ஆங்கிலேய மிஷனெரி பாப்ளி கர்நாடக இசையையே முறையாகக் கற்று, 1921-ல் இந்திய இசையைப் பற்றி நூல் எழுதினார். 1931-ல் குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் தந்தார். 1903-ல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தின் அசரியா, 1909-ல் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குக் குடிபோய்த் தெலுங்கு கற்றார். எல்லாரும் மாணவராக உட்கார்ந்த பிறகே பேச எழுந்தவர்கள். அந்த வரிசையில்தான் நீங்களும் உட்காரப் போகிறீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். இந்தியைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 'கானா' என்று நோட்டில் எழுதுகிறீர்கள். இந்தியில் அது மூன்று வெவ்வேறு சொல்: சாப்பாடு, பாட்டு, ஒற்றைக்கண்ணன். சாப்பாட்டுக்கு முதல் எழுத்தில் மூச்சு வெடித்து வரும். பாட்டுக்கு நம் 'தங்கம்' என்பதில் 'ங்' அடுத்து வரும் ககரத்தின் ஒலி முதலிலேயே வரும். ஒற்றைக்கண்ணனுக்கு நம் 'கல்'லில் வரும் ககரம். நோட்டில் மூன்றும் ஒன்றாகிவிட்டால் வாயிலும் ஒன்றாகிவிடும். 'பல்' என்று எழுதினால் நொடி, பழம், பலம் மூன்றும் அதற்குள் போய்விடும்.

இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. முகவரிக்கு இந்தியில் உள்ள சொல்லைத் தமிழில் 'பதா' என்று எழுதினால் நாம் 'விதை'யில் வரும் மெல்லிய தகரமாகப் படித்துவிடுவோம். உயிரெழுத்துக்கு நடுவே வல்லினம் தனியாக வந்தால் மெலிந்துவிடும் என்பது தமிழின் இயல்பு. அந்த ஒலி வரவில்லையே என்று 'பத்தா' என்று எழுதுவார்கள். இந்தியில் உண்மையாகவே தகரம் இரட்டிக்கும் 'பத்தா' வேறு இருக்கிறது, அதற்கு இலை என்று பொருள். ஆக, ஒருவரிடம் முகவரி கேட்கப் போய் இலையைக் கேட்டு நிற்போம். வல்லினத்தை இரட்டிக்காமலும் மெலிக்காமலும் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றையாகச் சொல்வது தமிழ் வாய்க்குப் புதுப் பழக்கம். 'பதா, பத்தா' என்று மாற்றி மாற்றித் தினம் ஐம்பது முறை சொல்லி, போனில் பதிந்து, இந்திக்காரர் ஒருவரிடம் கேட்கக் கொடுங்கள். எது முகவரி, எது இலை என்று பத்துக்கு ஒன்பது முறை அவர் சரியாகச் சொன்னால் அது வந்துவிட்டது.

அதனால் முதல் மூன்று வாரம் இந்தியின் தேவநாகரி எழுத்து. தினம் நான்கு எழுத்து, ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பது. அதற்கு மேல் அதில் நேரம் போட வேண்டாம். மூச்சொலிகளுக்கு டவுன் பஸ் டிக்கெட் ஒன்று போதும். அந்த மெல்லிய தாளை உதட்டுக்கு நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். நொடிக்கான இந்திச் சொல்லுக்கு டிக்கெட் அசையக் கூடாது. பழத்துக்கான சொல்லுக்குத் துடிக்க வேண்டும். மூச்சோடு வரும் 'க', 'ச', 'ட', 'த', 'ப' ஐந்துக்கும் இதே சோதனைதான். குதிரை, வீடு, சகோதரன் என்பவற்றுக்கான இந்திச் சொற்களின் தொடக்கத்தில் வரும் குரலோடு கூடிய மூச்சொலிக்கு டிக்கெட் அவ்வளவாக உதவாது. அங்கே தொண்டையில் விரல் வைத்து அதிர்வோடு மூச்சும் கலந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மாதம் பிடிக்கும், பொறுமையாகச் செய்யுங்கள். நமக்கு லாபமும் உண்டு. ட, ண, ள எல்லாம் ஆங்கிலேயருக்கு ஆண்டுக்கணக்காகச் சிக்கல், உங்களுக்கு வீட்டுச் சொத்து. குறில் நெடில் வேறுபாடும் அப்படியே. மூக்கொலி உயிரும் புதிதில்லை. 'வரேன்' என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் மூக்கால் முடிக்கிறோமே, அதுதான்.

சொல் இறுதியில் உகரம் சேர்ப்பதை விட்டுவிடுங்கள். 'பஸ்ஸு', 'காரு' என்று பழகிய வாய், வேலையைக் குறிக்கும் 'காம்' என்ற இந்திச் சொல்லை 'காமு' என்று முடிக்கும். உதட்டை மூடியபின் மனதுக்குள் இரண்டு எண்ணும் வரை திறக்காதீர்கள். ஒரு வாரத்தில் சரியாகும்.

ஆசிரியர் விஷயம் இனி. தட்சிண பாரத இந்திப் பிரசார சபை 1918 முதல் இயங்குகிறது. நம் ஊர்களில் அதன் பிராத்மிக், மத்தியமா, ராஷ்டிரபாஷா தேர்வுகளுக்கு டியூஷன் எடுப்பவர்கள் தாராளமாகக் கிடைப்பார்கள். தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும். எழுத்தும் இலக்கணமும் ஒழுங்காக வர அது உதவும், சேருங்கள். ஆனால் ராஷ்டிரபாஷா தேறியவர்கள் பலருக்கு ரயிலில் எதிர் சீட்டுக்காரர் பேசுவது புரிவதில்லை. தேர்வில் காதுக்கு வேலை குறைவு.

காதுக்கு வேலை தரும் பள்ளிக்கூடம் உங்கள் வாசலிலேயே இருக்கிறது. பெருந்துறை சிப்காட், திருப்பூர் பனியன் கம்பெனிகள், ஈரோட்டு மில்கள், நாமக்கல் கோழிப்பண்ணைகள் எங்கும் ஜார்க்கண்ட், பீகார், ஒடிசாத் தொழிலாளிகள். கும்லா, லோகர்தகா, சிம்டேகா, ராஞ்சி மாவட்டத்து ஆளாகத் தேடுங்கள். "வீட்டில் என்ன மொழி?" என்று கேட்டால் பலர் கூச்சத்தில் "இந்தி" என்றே சொல்வார்கள். "பாட்டியிடம் என்ன மொழியில் பேசுவீர்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அப்போது குரூக், முண்டாரி, சாத்ரி என்று உண்மை வரும்.

அவருக்குக் கூலி கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அவருடைய ஓவர்டைம் கூலிக்குக் குறையாமல், அன்றைக்கே, கையில். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டு மணிக்கு வருபவரைப் பாடம் சொல்லக் கேட்காதீர்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம், வாரநாளில் ஒரு நாள் அரை மணி நேரம் போனில், இது நடக்கும் கணக்கு. அவரிடம் பிரசங்கம் செய்யாதீர்கள். அவர் உங்கள் ஆசிரியர், அவர் ஓய்வு நாளை உங்களுக்குத் தருகிறார். அவராக உங்கள் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லுங்கள், அவ்வளவே.

அவரிடம் என்ன கேட்பது? இதில் முறை முக்கியம். ஞாயிறுக்கு முன்பே, அடுத்த வாரம் நீங்கள் உண்மையில் பேசப்போகும் ஐந்து வாக்கியங்களைத் தமிழில் எழுதி வையுங்கள். முதல் வாரம் இப்படி இருக்கலாம்: "வணக்கம். நான் இந்தி கற்கிறேன். இதற்கு மேல் எனக்குத் தெரியாது. மெதுவாகச் சொல்லுங்கள். இதற்குப் பெயர் என்ன?" அவர் ஒவ்வொன்றையும் மூன்று முறை சொல்ல, இடையில் நீங்கள் திருப்பிச் சொல்லும் அளவு இடைவெளி விட்டு, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பதியுங்கள். கோப்புக்குத் தேதி, மொழி, ஆள் பெயரின் முதலெழுத்து என்று பெயரிடுங்கள். மூன்று மாதம் கழித்து நூற்றுக்கணக்கில் சேர்ந்தபின் இந்தப் பெயர்தான் காப்பாற்றும். வாரம் முழுக்கத் தினம் அரை மணி அதைக் கேளுங்கள். முதல் இரண்டு நாள் வாயைத் திறக்க வேண்டாம், காது மட்டும். மூன்றாம் நாள் கூடவே சொல்லுங்கள். பிறகு கடைவீதியில், பஸ் ஸ்டாண்டில், வடநாட்டுத் தொழிலாளிகள் கூடும் டீக்கடையில் அந்த ஐந்து வாக்கியத்தையும் இருபது பேரிடம் சொல்லிவிட வேண்டும். இருபதாவது ஆளிடம் சொல்லும்போது யோசிக்காமல் வரும். அடுத்த ஞாயிறு புது ஐந்து. முப்பது வாரத்தில் 150 வாக்கியம். குறைவாகத் தெரியும். ஆனால் யோசிக்காமல் வரும் 150 வாக்கியத்தில் சொல்லை மாற்றி மாற்றிப் போட்டாலே சாதாரண நாள் ஒன்றைக் கழித்துவிடலாம்.

ஆசிரியர் நல்லவராக இருப்பதே ஒரு சிக்கல். நீங்கள் எதைச் சொன்னாலும் "சரி, சரி" என்பார், மனசு நோகக் கூடாது என்று. நடுவில் வேண்டுமென்றே தப்பாக ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். அதற்கும் "சரி" என்றால், இதுவரை சொன்ன எந்தச் சரியும் கணக்கில் வராது. "தப்பைச் சொன்னால்தான் எனக்குக் கூலி கொடுத்ததற்குப் பலன்" என்று சிரித்துக்கொண்டே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

விரல் நீட்டிப் பெயர் கேட்கும்போதும் கவனம் வேண்டும். மரத்தைக் காட்டினால் மரம், இலை, பச்சை, 'விரல்' என்று எந்தப் பதிலும் வரலாம். மூன்று வெவ்வேறு மரத்தைக் காட்டி மூன்று பேரிடம் கேட்டபின்தான் நோட்டில் மையால் எழுதுங்கள், அதுவரை பென்சில். உங்கள் கையைக் காட்டிக் கேட்டால் அவர் 'உன் கை' என்பார். நீங்கள் அதைக் 'கை' என்று எழுதிக்கொண்டு வருவீர்கள்.

இந்தியில் பேசுகிறவர் ஆணா பெண்ணா என்பது வினைச்சொல்லிலேயே தெரியும். பெண் ஒருவரிடம் கற்ற ஆண், 'நான் போகிறேன்' என்பதைப் பெண் பேச்சிலேயே சொல்லிக்கொண்டிருப்பார். உங்களுக்கு ஆண் ஆசிரியரே வேண்டும். அடுத்தது மரியாதை. கம்பெனி அறைத் தோழர்கள் தங்களுக்குள் 'தூ', 'தும்' என்று பேசுவதைக் கேட்டு அதையே பிடித்துக்கொண்டால், கிராமத்துப் பெரியவரை 'நீ' என்று அழைத்துவிடுவீர்கள். சின்னப் பிள்ளையையும் 'வாங்க கண்ணு' என்று கூப்பிடும் கொங்கு நாட்டிலிருந்து போகிறவருக்கு அது அழகல்ல. நாம் 'ங்க' போடும் இடமெல்லாம் இந்தியில் 'ஆப்', பெயருக்குப் பின் 'ஜீ' என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த மரியாதைப் பன்மை எல்லா மொழியிலும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். குரூக் ஊரில் பெரியவரை எப்படி அழைப்பது என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது உங்களுக்கு உற்சாகம் தரும் செய்தி. குரூக் திராவிட மொழி. தமிழின் உடன்பிறப்பு, தூரத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனது. கண்ணுக்கு 'கன்ன்'. முதல் ககரம் தொண்டையில் உரசி வரும். பல்லுக்கு 'பல்ல்'. வாய்க்கு 'பை', குரூக்கில் நம் சொல்முதல் வகரம் பகரமாகும், 'பஸ்'ஸில் வரும் பகரம். தண்ணீருக்கு 'அம்ம்'. பழந்தமிழிலும் 'அம்' என்றால் நீர். மூன்றுக்கு 'மூந்த்'. ஐந்திலிருந்து வட இந்திய எண்கள் வந்துவிட்டன. என் தந்தை 'எம்பஸ்', உன் தந்தை 'நிம்பஸ்', அவன் தந்தை 'தம்பஸ்'. எந்தை, நுந்தை, தந்தை என்று சங்கத் தமிழில் இருந்த மூன்றும் நம் பேச்சிலிருந்து போய்விட்டன, அங்கே இன்னும் வீட்டில் புழங்குகின்றன. உறவுச் சொல்லை 'தந்தைக்கு என்ன சொல்வீர்கள்?' என்று மொட்டையாகக் கேட்காமல், 'என், உன், அவன்' மூன்றோடும் கேட்க வேண்டியது இதனால்தான்.

ஒருமையில் பெண்ணையும் பொருளையும் குரூக் ஒரே வடிவத்தில் சொல்லும். நமக்கு விசித்திரமாகத் தோன்ற வேண்டியதில்லை. 'அந்தப் புள்ள வந்துச்சு' என்றுதானே நாமும் சொல்கிறோம். அதேபோல், பெண்கள் தங்களுக்குள் பேசும்போது மட்டும் வரும் வினைவடிவங்கள் குரூக்கில் உண்டு. கிணற்றடியில் காதில் விழுந்ததை அப்படியே ஓர் ஆண் பேசினால் ஊரே சிரிக்கும். யார், யாரிடம் சொன்னது என்பதை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நோட்டில் குறிப்பது அதற்காகத்தான்.

நாம், நாங்கள் வேறுபாடும் குரூக்கில் இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்', சேர்க்காவிட்டால் 'ஏம்'. இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றே. ஜெபத்தில் இது பெரிய விஷயம். கடவுளை நோக்கி 'நம் பாவங்களை மன்னியும்' என்று சொன்னால் கடவுளையும் பாவிகளோடு சேர்த்துவிடுகிறோம். தமிழில் யாரும் அப்படி ஜெபிக்க மாட்டார்கள், 'எங்கள்' என்றுதான் தானாக வரும். இந்தியில் யோசித்து அதைக் குரூக்காக்குகிறவர் இந்தக் குழியில் விழுவார். தமிழில் யோசிக்கிறவர் தப்பிப்பார். இந்த இடத்தில் மட்டும் இந்தியை நடுவில் விடாதீர்கள்.

ஆனால் ஒன்று. போன ஊரில் "உங்கள் மொழி தமிழிலிருந்து வந்தது" என்று சொல்லிவிடாதீர்கள். அது உண்மையும் இல்லை. ஒரே தாய்க்குப் பிறந்த இரு மொழிகள். மூத்தவர் தோரணையில் போய் நிற்பவருக்கு யாரும் மொழி சொல்லித்தர மாட்டார்கள். கடவுளுக்கு அவர்கள் சொல்லும் 'தர்மேஸ்' போன்ற பெயர்களையும் போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே எடைபோடாதீர்கள். தமிழ் வேதாகமத்தில் பராபரன், தேவன், கடவுள் என்று அந்த ஒரு சொல் மாறிவர எத்தனை தலைமுறை ஆயிற்று என்று நினைத்துப் பாருங்கள்.

மைசூரில் 1969-ல் தொடங்கிய இந்திய மொழிகளின் மைய நிறுவனம் பல பழங்குடி மொழிகளுக்கு இலக்கணமும் ஒலியியல் கையேடுகளும் வெளியிட்டிருக்கிறது. சத்தியமங்கலம், திம்பம் வழியாகப் போனால் ஒரு பகல் பயணம். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பணித்தளத்தில் ஆறு மாதம் இருந்தபின் திறந்தால்தான் அதில் பாதி புரியும்.

மார்ச்சில் ஓர் ஒத்திகை செய்யுங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். தாளவாடியிலோ பர்கூர் மலையிலோ கன்னடம் பேசும் குடும்பத்தோடு இரண்டு வாரம் தங்குங்கள். சபை மூலமோ தெரிந்த விவசாயி மூலமோ ஏற்பாடு செய்யலாம், சாப்பாட்டுச் செலவைக் கொடுத்துவிடுங்கள். கன்னடம் கற்பது இதன் நோக்கமே இல்லை. தெரியாத மொழி நடுவே காலை முதல் இரவு வரை இருந்தால் மூளை எப்படிக் களைக்கிறது, எந்த நேரத்தில் எரிச்சல் வருகிறது, எப்போது தமிழுக்கு ஓடத் தோன்றுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். ஐந்து வாக்கிய முறையை அங்கே தினமும் செய்யுங்கள். அங்கே பலருக்குத் தமிழும் தெரியும், அது உங்களுக்குச் சோதனை. தமிழில் பதில் வந்தாலும் கன்னடத்திலேயே தொடர வேண்டும். பதினாலாம் நாள் இருபது பேரிடம் வழி கேட்டுப் பேசி வர முடிந்தால், முறை கைக்கு வந்துவிட்டது.

உடம்பைப் பற்றி. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். இந்த மாதமே போட்டால்தான் ஏப்ரலில் முடியும், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். டைபாய்டு, டெட்டனஸ் ஊசிகளையும் டாக்டரிடம் கேளுங்கள். பல் எல்லாம் பார்த்துச் சரிசெய்துவிடுங்கள். ஜார்க்கண்டில் மூளையைத் தாக்கும் ஃபால்சிபாரம் மலேரியா உண்டு. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, நாளை பார்க்கலாம் என்பது அங்கே கூடாது. சில மருந்துகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடையும் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்ற ரத்தப் பரிசோதனையை இங்கேயே செய்து அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மலேரியாவுக்குப் பிரைமாக்குவின் மாத்திரை தரும் முன் டாக்டர் அதைக் கேட்பார். டிசம்பர், ஜனவரி இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும். கோபி வெயிலில் வளர்ந்த உடம்புக்குக் கம்பளி கட்டாயம். கடுகெண்ணெய் நாற்றம் பலருக்கு முதல் வாரம் குமட்டும். மாதம் நான்கு நாள் வீட்டிலேயே கடுகெண்ணெயில் ஒரு பொரியல் செய்து சாப்பிட்டுப் பழகுங்கள்.

சட்டம் தெரியாமல் போகக் கூடாது. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் ஒருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் விலக்கப்பட்டது, அதனால் நம் பிள்ளைகளுக்கு இந்த விஷயம் பழக்கமில்லை. ஜார்க்கண்டில் 2017 முதல் சட்டம் இருக்கிறது. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மாறியவர் பெண்ணாகவோ, 18 வயதுக்குக் குறைந்தவராகவோ, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்தவராகவோ இருந்தால் நான்காண்டு, ஒரு லட்சம். சடங்கை நடத்துபவர் மாவட்ட ஆட்சியரிடம் முன் அனுமதி பெற வேண்டும். சட்டத்தை முழுதாக ஒரு முறை வாசியுங்கள். நல்லெண்ணத்தில் கொடுக்கும் அரிசியும் மருந்தும் 'ஆசை காட்டியது' என்று எழுதப்படலாம். உதவி செய்ய வேண்டுமானால் யாருக்கும் பாகுபாடில்லாமல், கணக்கும் ரசீதுமாக, சங்கத்தின் வழியாகவே செய்யுங்கள். அதைவிட முக்கியம், மனதார வராத ஒருவரை இழுப்பது சுவிசேஷத்துக்கே அவமானம். சட்டம் இல்லாவிட்டாலும் இந்த எல்லையை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

பயிற்சி நிலையத்தில் வேதபாடம், மிஷன் வரலாறு, மானிடவியல், ஒலியியல், முதலுதவி, கணக்கு எழுதுதல் எல்லாம் வைப்பார்கள். காலம் சங்கத்துக்குச் சங்கம் மாறும். அதில் ஒலியியல் வகுப்பை மட்டும் தூங்கிக் கழிக்காதீர்கள். டிக்கெட் பயிற்சி செய்துவிட்டு வந்தவருக்கு அந்த வகுப்பு சர்க்கரை மாதிரி இருக்கும். ஜூனுக்குள் மூன்று வேதக் கதைகளை, ஒன்றுக்கு ஐந்து நிமிடம், எளிய இந்தியில் தாளைப் பார்க்காமல் சொல்ல முடிய வேண்டும். இளைய குமாரன் கதையில் தொடங்குங்கள். கேட்டான், விற்றான், போனான், திரும்பினான் என்று இறந்தகால வினை நிறைய வரும். இந்தி இறந்தகாலத்தில் செய்தவர் பெயரோடு 'நே' சேரும் இடம் எல்லாருக்கும் உதைக்கும். சாப்பிட்டவன் ஆணாக இருந்தாலும் 'ரொட்டி' பெண்பால் என்பதால் வினையும் பெண்பாலாகும். விதியை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் கதையை நாற்பது தடவை சொன்னால் வாயே சரிசெய்துகொள்ளும்.

பணித்தளத்துக்குப் போனபின் மொழியை அழிப்பது பெரும்பாலும் நம் தமிழ்தான். அங்கே முன்பே இருக்கும் தமிழ் மிஷனெரிக் குடும்பம் அன்பாக ரசம் சாதம் போடும், இரவு பத்து மணி வரை தமிழிலேயே பேச்சு நடக்கும். வீட்டுக்குத் தினம் ஒரு மணி நேரம் போன். இரண்டாண்டு இப்படிப் போனால் இந்தியே முழுதாக வராது, குரூக் எங்கே வரும்? முதல் ஆறு மாதம் ஒராவோன் வீட்டிலேயே ஓர் அறை கேளுங்கள். தமிழ் இரவு எட்டு மணிக்கு மேல்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வாரம் இரண்டு போன் போதும். அம்மாவிடம் காரணத்தை இப்போதே சொல்லிவைத்தால் வருத்தப்பட மாட்டார்கள். முதல் ஓராண்டு உங்களிடம் பிரசங்கப் பொறுப்பு தர வேண்டாம் என்று சங்கத்தையும் கேளுங்கள். மொழி ஆண்டு முழுக்கச் சுற்றி வந்தால்தான் நிறையும். நாற்று நடவுச் சொல் மழைக்காலத்தில்தான் கிடைக்கும். இலுப்பைப் பூ பொறுக்கும் பேச்சு மார்ச், ஏப்ரலில். சால் மரம் பூக்கும்போது வரும் சர்ஹூல் திருவிழாவின் சொற்கள் வசந்தத்தில் மட்டும். உங்கள் வீட்டில் நெல்லோ மஞ்சளோ போட்டிருந்தால் வயலில் இறங்கிக் கூட வேலை செய்யுங்கள். அண்டை குத்துவதும் களை எடுப்பதும் தெரிந்த கைக்கு ஊர்க்காரர்கள் தாமாகவே சொல் சொல்லித் தருவார்கள்.

ஆலப்புழை–தன்பாத் எக்ஸ்பிரஸ் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாக ராஞ்சிக்கே போகிறது. ஏ.சி.யில் பதிவு செய்யாதீர்கள். ஸ்லீப்பர் பெட்டியில் ஊருக்குத் திரும்பும் தொழிலாளிகள் நிறைந்திருப்பார்கள், இரண்டு நாள் உங்களுக்கு முழு வகுப்பு. 200 பக்க நோட்டு இரண்டு (இடப்பக்கம் கேட்டது, வலப்பக்கம் பிறகு தெரிந்தது), பென்சில், அழிரப்பர், போனுக்குப் பவர் பேங்க், கொசுவலை இவை கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் ஏறியதும் எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் அந்த முதல் ஐந்து வாக்கியங்களைச் சொல்லத் தொடங்குங்கள்.